இரண்டாவது படகு

(பொதுக்காலத்தின் 5-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 5:1-11. வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய நற்செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கெனசரேத்து ஏரிக்கரை. இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காத மீனவர்கள் கரையில் வலைகளை அலசிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு அந்தப் பெரும் மீன்பாடு. சீமோன் இயேசுவின் காலில் விழுகிறார். படகையும் வலையையும் விட்டுவிட்டு அவர்கள் அவரைப் பின்பற்றுகிறார்கள். இந்தப் பகுதியைக் கேட்டதும் நம் மனம் நேரே மீன்களிடம் ஓடிவிடும். இல்லையென்றால் கடைசியில் வரும் அழைப்பிடம் போய் நிற்கும். இன்று அவ்வளவு தூரம் போக வேண்டாம். இயேசு படகில் ஏறுகிறாரே, அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

இயேசுவுக்குச் சொந்தப் படகு இருந்ததாக நற்செய்தியில் எங்குமே இல்லை. அவர் தச்சர். நாசரேத்து மலைப்பாங்கான ஊர். அங்கிருந்து ஏரிக்கரைக்கு வந்தவர் அவர். படகு ஓட்டத் தெரிந்தவர் என்றும் யாரும் எழுதவில்லை. படகில் அவர் எப்போதும் பயணிதான். ஒரு சமயம் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கிய பயணி! அடுத்தவர் படகில், அடுத்தவர் துடுப்பில், அடுத்தவர் ஊர்த் துறையில்தான் அவருடைய ஏரிப் பயணங்கள் எல்லாம் நடந்தன. அப்படிப்பட்டவர் சீமோனின் படகில் ஏறியவுடன் செய்த முதல் காரியத்தை லூக்கா மறக்காமல் எழுதுகிறார். கரையிலிருந்து படகைச் சற்றே தள்ளும்படி அவர் கேட்டுக்கொள்கிறார். ஆணையிடவில்லை. அதுவும் ‘சற்றே’. ஆழத்துக்குப் போகச் சொன்னதெல்லாம் பிறகுதான்.

நாங்களும் மலைப்பக்கத்தார்தான். திருத்தணியில் 365 படி ஏறினால் முருகன் கோயில். அடிவாரத்தில் சரவணப் பொய்கை. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடியோடு வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. அந்த நாள்களில் பொய்கையில் தெப்பம் சுற்றும். எங்கள் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த ‘கப்பல்’ அந்தத் தெப்பம்தான். டிசம்பர் 31-ஆம் நாள் படித் திருவிழா, ஊரே தூங்காது. எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அந்த நாள்களில் வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைக்கிற வழக்கம் எங்கள் தெருவில் உண்டு.

ஆகவே வெளியூரிலிருந்து வருகிறவர்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். “திண்ணையில கொஞ்சம் உட்காரலாமாம்மா?” என்று கேட்டுவிட்டு உட்காருகிறவர் உண்டு. கேட்காமலே படுத்துவிடுகிறவரும் உண்டு. வெயிலில் கூடையோடு நிற்கும் பூக்காரம்மாவிடம் ஒரு முழத்துக்குக் கால் மணி நேரம் பேரம் பேசிவிட்டு, வாங்காமல் போகிறவர்கள் உண்டு. சாப்பிட்ட இலையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இவர்களைப் பற்றிக் குறை சொல்ல எங்களுக்கு வருடம் முழுவதும் விஷயம் இருக்கும். ஆனால் நாங்களே இன்னோர் ஊருக்கு வருகிறவர்களாகப் போனபோது எப்படி நடந்துகொண்டோம்? அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறோம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2008-ஆம் ஆண்டு மே மாதம். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை எங்காவது அழைத்துப்போக வேண்டும் என்று பங்கில் ஒரு பேச்சு எழுந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. பழவேற்காட்டுக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. ஒரே மாவட்டம்தான். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில் நாங்கள் இருக்கிறோம், கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு. திருவள்ளூர், பெரியபாளையம், பொன்னேரி வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இன்னோர் ஒற்றுமையும் உண்டு. எங்கள் ஊர் 1960-இல்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. பழவேற்காடு ஏரியையும் மாநில எல்லை இரண்டாகப் பிரிக்கிறது, பெரும்பகுதி ஆந்திராவில். இங்கே எங்கள் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவதுபோல, அங்கே தண்ணீரும் உப்பும் நன்னீரும் கலந்தது.

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. ஆரணி ஆறு தெற்கே வந்து விழுகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீளமான மணல் தீவுகள். அவற்றில் ஒன்றுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஏரி கடலோடு சேரும் வாய் இருக்கிறது. முகத்துவாரம் என்பார்கள். ஏரியின் உயிர் அந்த வாயில்தான் இருக்கிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் அலையேற்றத்தோடு அதன் வழியாகத்தான் ஏரிக்குள் வருகின்றன, வளர்ந்து திரும்புகின்றன. மணல் சேர்ந்து வாய் அடைத்துக்கொண்டால் மீன்பாடு இல்லை. படகுகள் கடலுக்குப் போகவும் வழி இல்லை. அதைத் தூர்வாரி நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்று அந்த ஊர் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்தார்கள்.

அங்கே மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. 1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கியது என்பார்கள். அவர்களுக்குப் பின் வந்த டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றார்கள். அந்தத் துறைக்குத் துணி வாங்க வந்தவர்கள் உண்டு. அதே துறையிலிருந்து நம் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களும் அவர்களே. நானூறு ஐந்நூறு ஆண்டுகளாகப் படகில் வருகிறவர்களை அந்த ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. வந்தவர்களில் கடைசி வகை நாங்கள். உல்லாசப் பயணிகள்.

திருப்பலி முடிந்து, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போனோம். அப்போதெல்லாம் மீன்பிடிக்கிற பைபர் படகுகளிலேயே ஆட்களை ஏற்றி, ஏரியில் ஒரு சுற்று, முகத்துவாரத்துப் பக்கம் மணல்திட்டு வரைக்கும் அழைத்துப் போவார்கள். நாங்கள் 18 பேர். பிள்ளைகள் 11, பெரியவர்கள் 7. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு படகுக்காரர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு படகா போயிடுங்க சாமி. பத்து பேருக்கு மேல வேணாம். அதோ நிக்கிறது எங்க மச்சான் படகு.”

ஒரு படகுக்கு 500 ரூபாய். இரண்டு என்றால் 1,000. எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் பேரம் பேசாமல் கொடுத்தால் ஏமாந்துவிட்டோம் என்று நமக்குள் ஒரு குரல் கேட்குமே, அந்தக் குரல் எங்களுக்கும் கேட்டது. “எல்லாம் சின்னப் பிள்ளைங்கதானே, எடையே இருக்காது” என்றோம். “நீங்க வேணாம்னா வேற ஆள் பார்த்துக்கிறோம்” என்றோம். அவர் தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். பிறகு “ஏறுங்க” என்றார். மச்சான் தன் படகில் உட்கார்ந்தபடியே நாங்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிர்காப்பு அங்கி ஒன்றுகூட அந்தப் படகில் இல்லை. எங்கே என்று நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

ஏரி அமைதியாக இருந்தது. இடுப்பளவுதான் ஆழம் என்று யாரோ சொன்னார்கள். பல இடங்களில் அது உண்மைதான். பிள்ளைகள் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டு வந்தார்கள். மாதா பாட்டு பாடினோம். முகத்துவாரம் நெருங்க நெருங்க, அடியில் நீரோட்டம் இழுப்பது படகின் போக்கிலேயே தெரிந்தது. அப்போதுதான் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அணியம் என்று அவர்கள் சொல்லும் முன்பக்கத்தில் சட்டென்று எழுந்து நின்று, “கடல் தெரியுது!” என்று கத்தினாள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்க்கிறாள். எங்களில் யாருக்குத்தான் உட்கார்ந்திருக்கத் தோன்றும்? அத்தனை பேரும் ஒரே பக்கமாகத் திரும்பினோம். படகு சாய்ந்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்து எங்கள் மடியில் கொட்டியது.

“குந்துங்க! அல்லாரும் குந்துங்க!”

படகுக்காரரின் குரல் அது. கத்திக்கொண்டே தன் உடம்பை எதிர்ப்பக்க விளிம்புக்கு வெளியே தொங்கப் போட்டார். அந்தச் சிறுமியைப் பின்னாலிருந்து யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். படகு நிமிர்ந்தது. எல்லாம் ஐந்தாறு நொடி. கரைக்கு வந்ததும் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? சிரித்தோம். வேன் திருத்தணி வந்து சேரும்வரை “அல்லாரும் குந்துங்க” என்று அவரைப் போலவே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பெரியவர்களிடம் அப்படியா கத்துவது என்று எங்களில் ஒருவர் குறையும் பட்டுக்கொண்டார். மிச்சம் பிடித்த 500 ரூபாயில் பொன்னேரியில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம்.

மறு ஆண்டு, 2009 செப்டம்பர் 30. தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டார்கள் என்று செய்தி வந்தது. ஞாயிறு திருப்பலியில் அவர்களுக்காக மன்றாடினோம். அப்போதும்கூட எங்கள் படகு எங்களுக்கு நினைவு வரவில்லை. மனித மனம் அப்படித்தான் போலும்.

பிறகு 2011 டிசம்பர் 25. அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, வீடுவீடாகப் பலகாரம் கொடுத்து, மாலையில் ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்தது. விடுமுறையைக் கழிக்க வந்திருந்த குடும்பங்கள் அவை. பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய பாரமும், உயிர்காப்பு அங்கி இல்லாததும் அப்போது பேசப்பட்ட காரணங்கள். தண்ணீரில் குதித்துத் தேடியவர்கள் அந்த ஊர் மீனவர்கள்.

அன்று மாலை எங்கள் வீடுகளில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருவர் 2008-இல் எடுத்த புகைப்படத்தைத் தேடி எடுத்து வந்தார். அதே ஏரி. அதே மாதிரிப் படகு. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான்கு விரல்கடை இருக்கலாம். நாங்கள் 18 பேரும் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறோம். இறந்தவர்கள் செய்து நாங்கள் செய்யாத தவறு என்று அந்தப் படத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சகோதர சகோதரிகளே, அதற்குப் பிறகுதான் அந்தப் படகுக்காரர் ஏன் “ஏறுங்க” என்று சொன்னார் என்பதை நாங்கள் யோசித்தோம். விசாரித்துத் தெரிந்துகொள்ளவும் செய்தோம். பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகக் கிடைக்கும் நீரோட்டப் பகுதிகளில் வலை கட்ட, எல்லாரும் ஒரே நாளில் போக முடியாது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாது. நீதியான ஏற்பாடு, நம் அன்பியக் கூட்டங்களில் வைத்துப் படிக்கத் தக்கது. ஆனால் முறை வராத நாளில் படகு கரையில்தான் கிடக்கும். முகத்துவாரம் அடைத்துக்கொண்ட காலத்தில் முறை வந்தும் பயனில்லை. அப்படி வெறுங்கையாக இருக்கிற நாளில்தான் நம்மைப் போன்றவர்கள் வேனில் வந்து இறங்குகிறோம். 500 ரூபாயை ஆட்டிக் காட்டுகிறோம். “வேற ஆள் பார்த்துக்கிறோம்” என்கிறோம்.

சீமோனும் அன்று காலை வெறுங்கையாகத்தான் இருந்தார். இரவெல்லாம் உழைத்தவர், தூக்கம் இல்லை, வருமானம் இல்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் எதைச் சொன்னாலும் செய்துவிடுவார். இயேசுவுக்கு அது தெரியும். அதனால்தான் அந்தக் ‘கேட்டுக்கொண்டார்’ என்ற சொல் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அவர் அந்தப் படகுக்காரரின் இல்லாமையை வைத்துப் பேரம் பேசவில்லை. அவருக்குத் தெரிந்த தொழிலில் அவரை அவமதிக்கவும் இல்லை. உட்கார்ந்து போதித்தார் என்று லூக்கா எழுதுகிறார். ஆம், படகில் உட்கார்ந்து!

இன்னொன்று. வலை கிழியும் அளவுக்கு மீன் விழுந்ததும் சீமோன் என்ன செய்தார்? அத்தனையும் என் படகுக்கே என்று அள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை. மற்றப் படகில் இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டுகிறார். அவர்கள் வந்து தங்கள் படகிலும் நிரப்புகிறார்கள். அப்படியும் இரண்டு படகுகளும் மூழ்கும் நிலையில் இருந்தன என்கிறது நற்செய்தி. இரண்டாவது படகு வராமல் போயிருந்தால்? அந்த அருஞ்செயலே ஒரு விபத்தாக முடிந்திருக்கும். மறையுரைகளில் இந்த வரியை நாமே எத்தனையோ தடவை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறோம். பாரம் அதிகமானால் இன்னொரு படகைக் கூப்பிட வேண்டும் என்பது கலிலேயாவில் மீன்பிடித்த யாருக்கும் தெரிந்த பாடம். பழவேற்காட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது. “மச்சான் படகு” என்று கைநீட்டிக் காட்டினாரே!

அந்தக் கூட்டாளிப் படகுகளை நாம் 2015 டிசம்பரிலும் பார்த்தோம். சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகரத்துத் தெருக்களுக்கு வந்தார்கள். மாடிகளில் நின்றவர்களை இறக்கிப் படகில் ஏற்றினார்கள். அன்று தலைக்கு எவ்வளவு என்று பேரம் பேசிக்கொண்டா அவர்கள் வந்தார்கள்?

பழவேற்காட்டு விபத்துக்குப் பின் மாவட்ட நிர்வாகம் அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை போட்டது. தடை சரியானதுதான். முட்டுக்காடு, முதலியார்குப்பம், பிச்சாவரம் போன்ற இடங்களில் சுற்றுலாத் துறையின் படகுக் குழாம்கள் இருக்கின்றன. உயிர்காப்பு அங்கி கொடுக்கிறார்கள். ஆனால் படம் எடுக்கும்போது முகம் நன்றாகத் தெரியவில்லை என்று அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறவர்களை நாம் பார்க்கிறோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போகும் மறைக்கல்வி ஆசிரியர்களே, இளையோர் இயக்கத்தினரே, தயவுசெய்து கேளுங்கள். அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். அங்கியின் பட்டை கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கைவைத்துப் பாருங்கள். இத்தனை பேர்தான் என்று படகுக்காரர் சொன்னால் அதற்கு மேல் ஒரு கைக்குழந்தையைக்கூட ஏற்றாதீர்கள். தடை இருக்கிற இடத்தில், “யாருக்கும் தெரியாம அந்தப் பக்கமா வாங்க” என்று ஒருவர் கூப்பிட்டால், போகாதீர்கள். போகாமல் இருப்பதோடு அவரை ஏசிவிட்டும் வராதீர்கள். அவர் வீட்டில் மீன் வாங்குங்கள். அந்த ஊர்ப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி வாங்குங்கள். 2023 மே 7-ஆம் நாள் கேரளத்தின் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அங்கும் இறந்தவர்கள் 22 பேர். அந்த எண்ணைக் கேட்டதும் எங்களுக்கு உடல் நடுங்கியது.

2014 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், மகிமை மாதா ஆலயத்துக்கு மறுபடியும் போனோம். பழைய 18 பேரில் 12 பேர் வந்திருந்தோம். திருப்பலியில் 2011-இல் இறந்த 22 பேருக்காகவும் மன்றாடினோம். அதன்பின் படகுத்துறைக்கு நடந்தோம். தூரத்தில் பூநாரைகள் ஒரு வெள்ளைக் கோடுபோல நின்றன. அந்தப் படகுக்காரரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. எங்களுக்கு அவர் பெயரே தெரியாதே! அவர் படகில் போய் வந்து, அவர் பேச்சை ஆறு வருடம் சொல்லிச் சிரித்தவர்கள், பெயரைக் கேட்டதில்லை. “மச்சானும் அவரும் பக்கத்துப் பக்கத்துல படகு நிறுத்துவாங்க” என்று அடையாளம் சொன்னோம். ஒரு பையன் சிரித்துக்கொண்டே அழைத்துப் போனான்.

மணலில் இழுத்துப் போட்டிருந்த படகின் நிழலில் உட்கார்ந்து அவர் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. திருத்தணியிலிருந்து வருகிறோம், அந்த வருடம் உங்கள் படகில் வந்தோம் என்றோம். “ஆமா சாமி, பாட்டு பாடிக்கினு வந்தீங்க” என்றார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அவரும் தண்ணீரில் இறங்கித் தேடியிருக்கிறார். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. “அதுலேர்ந்து நான் ஆள் ஏத்துறதே இல்ல சாமி. ராத்திரியில படுத்தா, முன்னாடி ஏத்தினவங்க மொகமெல்லாம் ஒவ்வொண்ணா வருது. யார் யாரு நல்லாருக்காங்களோன்னு தோணுது” என்றார்.

நாங்கள் ஓர் உறையில் 500 ரூபாய் வைத்துக் கொண்டுபோயிருந்தோம். இரண்டாவது படகுக்கு. அதைக் கொடுத்து, அன்று நீங்கள் சொன்னதைக் கேட்காமல் பேரம் பேசியது எங்கள் தவறு என்றோம். அவர் உறையை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “ஏத்தினது நான்தானே சாமி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மச்சானிடமாவது கொடுங்கள் என்றோம். மச்சான் இப்போது எண்ணூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறார், படகை விற்றுவிட்டார் என்றார். அந்த உறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் மனைவியிடம் கருவாடும் இறாலும் வாங்கினோம். அந்த அம்மா சொன்ன விலைக்கே வாங்கினோம். அவர் எங்களுக்கு டீ வைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

புறப்படும் நேரத்தில் அவர் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “அன்னிக்கு முன்னாடி எழுந்து நின்னுச்சே ஒரு பொண்ணு, கடல் தெரியுதுன்னு. அது எப்படி இருக்குது?”

அவள் எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு வயது ஆகிவிட்டது. அந்த ஆண்டு செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள். “இதோ, இவதான்” என்று முன்னே அனுப்பினோம். அவள் என்ன பேசுவதென்று தெரியாமல் கைகூப்பினாள். அவர் அவளைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, மணலில் கிடந்த படகின் விளிம்பைத் தட்டித் துடைத்தார்.

“குந்துமா” என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.